இயந்திரக் கண்ணுக்கு வயலில்தான் பரீட்சை

வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் இன்று எந்த ஊருக்குப் போனாலும் முதலில் காதில் விழும் பேச்சு. நடவுக்கு ஆள் இல்லை, களைக்கு ஆள் இல்லை, வெட்டிய வாழைத்தாரைத் தோட்டத்தின் உள்ளேயிருந்து சாலை வரை சுமந்து வரவும் ஆள் இல்லை. இந்த நிலையில், "ஓட்டுபவர் இல்லாமல் தானே பாதை பார்த்து ஓடும் வண்டி வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், விவசாயிகள் ஆவலோடு திரும்பிப் பார்ப்பது இயற்கையே. உழவர் விழாக்களிலும் கண்காட்சிகளிலும் இத்தகைய ரோபோ வண்டிகள் தலைகாட்டத் தொடங்கியுள்ளன. வாங்கலாமா, பொறுத்திருக்கலாமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். அதற்குத் தனித்தனியே பதில் சொல்வதைவிட, இந்தப் பக்கத்தின் வாயிலாகச் சொல்வது நல்லது என்று கருதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிகளுக்குக் கண்ணாக அமைந்திருப்பது தூரம் அளக்கும் காமிரா. அது நல்ல கருவி. ஆனால் அதற்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அறிந்துகொள்ளாமல் யாரும் பணத்தைப் போடக் கூடாது. அத்துடன், இந்த வண்டிக்கு நாம் முதலில் கொடுக்க வேண்டிய வேலை களையெடுப்பு அன்று, சுமை சுமப்பதுதான். இவ்விரண்டையும் காரணத்தோடு விளக்குகிறேன்.

தூரம் எப்படி அளக்கப்படுகிறது?

சாதாரணக் காமிரா நிறத்தையும் உருவத்தையும் மட்டுமே பதிவு செய்யும். அருகில் கிடக்கும் சிறு கல்லும் தொலைவில் நிற்கும் பாறையும் படத்தில் ஒரே அளவாகத் தோன்றக்கூடும். தூரம் அளக்கும் காமிராவோ, படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கொடுக்கும். அந்தக் கணக்கைக் கொண்டு வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், தரை எது, தரைக்கு மேல் நிற்பது எது என்று பிரித்து, போகத்தக்க வழியைத் தேர்ந்தெடுக்கிறது. தூரத்தை அளக்க மூன்று முறைகள் உண்டு. மூன்றுமே நமக்குப் பழக்கமான காரியங்கள்தாம்.

முதலாவது சல்லடை முறை. இருட்டில் டார்ச் விளக்கின் முன் ஒரு சல்லடையைப் பிடித்துச் சுவரில் வெளிச்சம் அடித்தால் புள்ளி புள்ளியாக விழும். நடுவில் ஒரு குடத்தை வைத்துச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், குடத்தின் மேல் விழும் புள்ளிகள் மட்டும் இடம் மாறித் தெரியும். அந்த மாற்றத்தைக் கொண்டு குடம் எவ்வளவு அருகில் உள்ளது என்று கணக்கிடலாம். காமிராவில் டார்ச்சுக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பயன்படுகிறது. 2010 நவம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் வீடியோ விளையாட்டுக்காக வெளியிட்ட கினெக்ட் என்னும் கருவி இம்முறையில் வேலை செய்தது. அமெரிக்காவில் அதன் விலை சுமார் 150 டாலர். அதுவரை ரோபோ ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்திய லேசர் கருவிகளின் விலை ஆயிரக்கணக்கான டாலர். ஆகவே விளையாட்டுக்காகச் செய்த கருவி, உலகமெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் ரோபோக்களின் கண்ணாகிவிட்டது. அது நம்பகமாக அளந்த தூரம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் முதல் 4 மீட்டர் வரைதான்.

இரண்டாவது, கிணற்றில் கல் போடும் முறை. பாழுங்கிணற்றில் ஒரு கல்லைப் போட்டு, சத்தம் வரும் வரை எண்ணி ஆழத்தைக் கணிப்பது நம் வழக்கம். காமிரா கல்லுக்குப் பதில் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்திற்குள் 30 சென்டிமீட்டர் போய்விடும். அவ்வளவு நுண்ணிய நேரத்தை அளக்கும் திறமை இன்று விரல் நுனி அளவுள்ள ஒரு சில்லுக்கு வந்துவிட்டது.

மூன்றாவது இரட்டைக் கண் முறை. முகத்துக்கு நேராக ஒரு விரலை நீட்டி, ஒரு கண்ணையும் பிறகு மறு கண்ணையும் மூடிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வது போலத் தெரியும். அருகில் உள்ள விரல் அதிகமாகப் பெயரும். தொலைவில் உள்ள பனைமரம் பெயரவே பெயராது. சில சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு லென்சுகளை வைத்து, இந்தப் பெயர்ச்சியைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுவதே இம்முறை. இதில் ஒரு குறைபாடு உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் பிழை நான்கு மடங்காகும். ஒரு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் பிழை என்றால், நான்கு மீட்டரில் பதினாறு சென்டிமீட்டர் பிழை வந்துவிடும். நம் வயல் வரப்பின் உயரமே அவ்வளவுதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

"செயற்கைக்கோள் வழிகாட்டி இருக்கிறதே, காமிரா எதற்கு?" என்று கேட்கலாம். கைபேசியில் உள்ள சாதாரண வழிகாட்டி திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறக்கூடியது. சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமாகக் காட்டும் முறைகள் உண்டு என்றாலும், தென்னை ஓலைகளின் அடியில் சிக்னல் தடைப்படும். அன்றியும், வழியில் படுத்திருக்கும் ஆட்டையோ விளையாடும் குழந்தையையோ செயற்கைக்கோள் காட்டாது. அதற்குக் கண்தான் வேண்டும்.

வெயிலில் நின்றுபோன வண்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உழவர் விழாவுக்கு இப்படிப்பட்ட வண்டி ஒன்று வந்திருந்தது. அதை வரவழைத்தவர்களில் நானும் ஒருவன். சாமியானாப் பந்தலின் கீழ் நாற்காலிகளுக்கு இடையே அது வளைந்து நெளிந்து ஓடியதைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். பகல் பன்னிரண்டு மணி அளவில் அதைப் பக்கத்து மிளகாய்த் தோட்டத்தில் இறக்கினோம். நாலடி போய் நின்றது. பின்னுக்கு வந்தது. மறுபடி நின்றது. முன்னால் ஒன்றுமே இல்லை. வண்டியோடு வந்தவர்கள் குடை பிடித்துப் பார்த்தார்கள், பயனில்லை. களைக்கொட்டுடன் நின்ற ஓர் அம்மையார் என்னைப் பார்த்து, "ஐயா, வெயில் பார்த்து நிக்கிற ஆளுக்கு நாங்க கூலி கொடுக்கிறதில்லையே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

காரணம் எளியது. பட்டப்பகலில் டார்ச் அடித்தால் வெளிச்சம் தெரியுமா? சூரிய ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர் நிறைய உண்டு. காமிரா வீசும் மெல்லிய புள்ளிகள் அதில் மூழ்கிப்போகின்றன. சல்லடை முறைக்கு இதனால் பாதிப்பு அதிகம். கிணற்றில் கல் போடும் முறையும் வெயிலில் திணறும். இரட்டைக் கண் முறை பகல் வெளிச்சத்தையே பயன்படுத்துவதால் வெயிலைப் பெரும்பாலும் தாங்கும். அதுவும் சூரியன் நேரே லென்சில் விழும் காலை, மாலை வேளைகளில் தடுமாறும். ஆகவே வயலுக்கு வரும் வண்டியில் எந்த வகைக் கண் இருக்கிறது என்று கேட்பது, மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்பதைப் போல நமக்குப் பழக்கமாக வேண்டும்.

இந்தச் சிக்கல் புதிதன்று. அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஹான்ஸ் மொராவெக் என்ற ஆராய்ச்சியாளர் 1979-ல் ஒரு காமிரா வண்டியை நாற்காலிகள் நிறைந்த அறையில் ஆள் உதவியின்றி ஓட்டிக் காட்டினார். அறையைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று. ஒரு மீட்டர் நகரும், படம் பிடிக்கும், பத்துப் பதினைந்து நிமிடம் யோசிக்கும். வெளியில் ஓட்டியபோது, வண்டி யோசித்து முடிப்பதற்குள் வெயிலின் நிழல்கள் நகர்ந்து கணக்கைக் குழப்பின. இன்றைய கம்ப்யூட்டர் நொடிக்கு முப்பது முறை கணக்கை முடித்துவிடுகிறது. ஆனால் வெயில் அதே வெயில்தான்.

கண்ணுக்குப் பிடிபடாத நான்கு

வெயிலைச் சமாளித்த வண்டியும் நான்கு இடங்களில் ஏமாறக்கூடும்.

முதலாவது பள்ளம். தரைக்கு மேல் நிற்கும் பொருள் காமிராவுக்கு எளிதில் தெரியும். தரைக்குக் கீழே உள்ளது அருகில் போகும் வரை தெரியாது. வரப்பு தெரியும், வரப்புக்கு அப்பால் மறைந்திருக்கும் வாய்க்கால் தெரியாது. கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்த கிணறுகள் நம் மானாவாரிப் பகுதிகளில் இன்னமும் இருக்கின்றன. அங்கே இந்தத் தவறு விளையாட்டல்ல.

இரண்டாவது தண்ணீர். தேங்கிய நீரில் வானமும் மரமும் தலைகீழாகத் தெரியும். காமிராவுக்கு அது அதலபாதாளம் போலத் தோன்றலாம்; அல்லது ஒளி வேறு பக்கம் தெறித்து, அளவே கிடைக்காமல் போகலாம். நாற்று நட்ட வயலில் வண்டி விடும் எண்ணம் உள்ளவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது புல்லும் கம்பியும். இடுப்பளவு வளர்ந்த புல்லும் கருங்கல் சுவரும் தூரக் கணக்கில் ஒன்றுதான். தொங்கும் வாழை இலையைச் சுவர் என்று எண்ணி வண்டி நின்றுவிடும். வேலிக் கம்பியோ, ஆடு கட்டிய கயிறோ மெல்லியதாக இருப்பதால் அளவில் விடுபட்டுப் போகும். நிற்க வேண்டாத இடத்தில் நிற்பதும், நிற்க வேண்டிய இடத்தில் ஓடுவதும் ஒரே கண்ணின் இரு குறைகள்.

நான்காவது மண்ணின் வலு. இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு செவ்வாய்க் கிரகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் நாசா அனுப்பிய ஸ்பிரிட் என்னும் ஆறு சக்கர வண்டி 2004 ஜனவரியில் அங்கே இறங்கியது. தூரம் அளக்கும் இரட்டைக் காமிராக்கள் அதில் முன்னும் பின்னும் இருந்தன. பாறைகளுக்கு இடையே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய அந்த வண்டி 2009-ல் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. மேலே கெட்டியாகத் தெரிந்த மண் பொறுக்கு உடைந்து, அடியில் இருந்த புதைமணலில் சக்கரங்கள் இறங்கிவிட்டன. ஏற்கனவே அதன் ஒரு சக்கரம் பழுதாகியிருந்தது. எவ்வளவோ முயன்றும் மீட்க முடியாமல், இனி அது நகராது என்று 2010 ஜனவரியில் நாசா அறிவித்தது. காமிரா மண்ணின் மேடு பள்ளத்தைச் சொல்லும். மிதித்தால் தாங்குமா என்று சொல்லாது. சேற்றில் காலை வைத்த உடனே உள்ளங்காலால் அதைத் தெரிந்துகொள்ளும் நம் விவசாயிகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பெரிய பண்ணையும் நம் பண்ணையும்

ஜான் டீர் நிறுவனம் 2022 ஜனவரியில் ஓட்டுநர் இல்லாத டிராக்டரை அறிமுகப்படுத்தியது. அதில் ஆறு ஜோடி இரட்டைக் கண் காமிராக்கள் சுற்றிலும் பார்க்கும்படி அமைந்திருந்தன. நூற்றுக்கணக்கான ஏக்கர் பரந்து கிடக்கும் சமவெளியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட இயந்திரம் அது. வழியில் ஏதாவது தென்பட்டால் அது நின்றுவிடும். அங்கே ஒரு நாளில் நாலு முறை நின்றால் பெரிய நட்டமில்லை.

நம் நிலை வேறு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதுவும் பல இடங்களில் இரண்டு மூன்று துண்டுகளாக இருக்கும். வரப்பு, வாய்க்கால், கிணற்றுமேடு, மின்கம்பத்தின் இழுகம்பி, மேயும் ஆடு, தூளியில் குழந்தை எல்லாம் அந்தச் சிறு இடத்துக்குள்தான். பெரிய பண்ணையில் பத்து ஏக்கருக்கு ஒன்றாக வரும் தடை இங்கே பத்தடிக்கு ஒன்றாக வரும். ஆகவே அங்கே தேறிய கண் இங்கேயும் தேறும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணுக்காக வயலை மாற்றுங்கள், வரப்பை எடுங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. மாற வேண்டியது இயந்திரம்தான்.

முதலில் சுமை சுமக்கட்டும்

அப்படியானால் இது நமக்குப் பயன்படாதா? பயன்படும். எங்கே, எதற்கு என்று தேர்ந்தெடுத்தால் பயன்படும்.

தென்னந்தோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் வண்டி போக வழி தாராளமாக உண்டு. தடித்த மரம் காமிராவுக்கு நன்றாகத் தெரியும். நிழல் இருப்பதால் வெயிலின் தொல்லை குறைவு. செயற்கைக்கோள் வழிகாட்டி தடுமாறும் அதே இடத்தில் காமிரா நன்றாக வேலை செய்யும். முன்னால் நடக்கும் ஆளை இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் பின்தொடர்வது இந்தக் கண்ணுக்கு மிகவும் ஏற்ற வேலை. இந்தத் தூரத்தில்தான் அதன் கணக்கு சரியாக இருக்கும். காய்களைக் குவிக்கும் இடத்துக்கும், தாரைச் சாலைக்கும், எருவைத் தோட்டத்துக்குள்ளும் கொண்டு சேர்க்க இதுவே போதும்.

ஆழமான வடிகால் வெட்டிய நஞ்சை வாழைக்கு இது ஒத்துவராது. தரை சமமாக உள்ள தோட்டக்கால் வாழைக்கும் பாக்குத் தோப்புக்கும் பொருந்தும். 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள திசு வாழைத் தாரைத் தலையில் வைத்து நாள் முழுவதும் நடப்பவரின் கழுத்தும் முதுகும் என்ன பாடு படும் என்பதைச் சுமந்தவர்தாம் அறிவார்.

களையெடுப்பை ஏன் பிறகு வைக்கிறேன் என்றால், இரண்டு காரணங்கள். சுமைவண்டி தவறு செய்தால் நின்றுவிடும். அரை மணி நேரம் வீண், அவ்வளவுதான். களை வண்டி தவறு செய்தால் பயிரை வெட்டிவிடும். மற்றொன்று, களையெடுப்புக் கூலியை நம்பி வாழும் பெண்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். சுமை வண்டி வந்தால் அவர்கள் பாரம் குறையும். களை வண்டி வந்தால் அவர்கள் வேலை குறையும். ஆள் பற்றாக்குறை என்று பேசும்போது, இருக்கிற ஆளின் முதுகையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்படிச் சொல்வதால் நான் முன்னேற்றத்துக்குத் தடை போடுகிறேன் என்று என் சக விஞ்ஞானிகள் சிலர் வருந்துகிறார்கள். அவர்களுக்கு என் பதில் இதுதான்: ஒரு கருவி முதல் ஆண்டில் விவசாயியை ஏமாற்றினால், பத்து ஆண்டுகளுக்கு அந்தப் பக்கமே அவன் திரும்ப மாட்டான். எளிய வேலையில் நம்பிக்கை பெற்ற பிறகு கடினமான வேலைக்கு வரட்டும். வேறு சிலர், "பவர் டில்லரும் டிரெய்லரும் போதாதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. டில்லர் போகும் பாதையும் ஓட்ட ஆளும் இருப்பவருக்கு இந்த வண்டி தேவையே இல்லை.

மாடு வாங்குவது போல வாங்குங்கள்

சந்தையில் மாடு பிடிக்கும்போது விற்பவன் பேச்சை மட்டும் கேட்டு யாரும் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம், ஏரில் பூட்டியும் பார்க்கிறோம். இந்த வண்டிக்கும் அதே பரீட்சை வேண்டும். கண்காட்சித் திடலில் நடத்தினால் போதாது. உங்கள் தோட்டத்திலேயே நடத்த வேண்டும்.

1. பகல் பன்னிரண்டு மணி வெயிலில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாலையில் சூரியனை நோக்கியும் ஓட்டச் சொல்லுங்கள்.

2. ஒரு சாக்கில் வைக்கோல் திணித்து, குழந்தை அளவில் வழியில் படுக்க வையுங்கள். வண்டி எத்தனை அடி முன்பாக நிற்கிறது என்று அளந்து பாருங்கள். பத்து முறை செய்து பத்து முறையும் நிற்க வேண்டும். ஒன்பது முறை போதாது.

3. வரப்புக்கு அப்பால் ஒன்றரை அடிப் பள்ளம் எடுத்து, அதை நோக்கி ஓட்டச் சொல்லுங்கள்.

4. முழங்கால் உயரத்தில் ஆட்டுக் கயிறு ஒன்றைக் குறுக்கே கட்டிப் பாருங்கள்.

5. தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் ஓட்டச் சொல்லுங்கள்.

6. லென்சின் மேல் சிறிது சேற்றைப் பூசுங்கள். "எனக்குக் கண் தெரியவில்லை" என்று நின்றுவிடும் வண்டி நல்ல வண்டி. தெரிந்தது போல ஓடும் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

7. உடனே நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, பழுது பார்க்க அருகில் ஆள் உண்டா என்று கேளுங்கள்.

இத்தனையிலும் தேறினாலும், ஆள் பார்வை இல்லாமல் வண்டியை விடக் கூடாது. திறந்த கிணறு உள்ள தோட்டத்தில், கிணற்றைச் சுற்றி இடுப்பளவுக்குக் கல் அடுக்கிய பிறகே வண்டியை இறக்க வேண்டும். வண்டி வராவிட்டாலும் அந்தச் சுவர் நம் குழந்தைகளுக்கு உதவும்.

தனி ஒருவர் கடன் வாங்கி இதை வாங்குவது இப்போதைக்கு வேண்டாம். 2014-15-ல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தின் வழியாக வாடகை மையங்களுக்கு மானியம் வழங்கும் ஏற்பாடு வந்துள்ளது. இத்தகைய வண்டியும் அந்த வழியில், குழுவுக்கு ஒன்றாக வரட்டும். ஆனால் மானியப் பட்டியலில் சேர்க்கும் முன், மேலே சொன்ன பரீட்சைகளை நஞ்சை, தோட்டக்கால், மானாவாரி என்று வெவ்வேறு நிலங்களில் விவசாயிகளின் கண் முன்னே நடத்தி, தேறியது எது, தவறியது எது என்று எழுத்தில் வெளியிட வேண்டும். அரசுக்கும், பல்கலைக்கழகங்களில் பணிபுரியும் எங்களுக்கும் இது கடமை. அன்றைக்கு மிளகாய்த் தோட்டத்தில் அந்த வண்டியை நான் முதல் நாளே இறக்கிப் பார்த்திருந்தால், அத்தனை பேரைப் பந்தலில் கை தட்ட விட்டிருக்க மாட்டேன்.

ஆகவே விவசாயப் பெருமக்கள் இந்தப் புதிய கண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். அடுத்த முறை கண்காட்சியில் இவ்வண்டியைக் கண்டால், "நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்கு என் தோட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.